தாணுமாலயனில் சறுக்கும் பெயர்ப் புத்தகங்கள்

நாகர்கோவில் கடைகளில் தொங்கும் மலிவுவிலைக் குழந்தைப் பெயர்ப் புத்தகங்களில் நட்சத்திர எழுத்துப் பட்டியல் தேறும். பொருள் விளக்கம்தான் சொதப்பல். ‘தாணுமாலயன்’ இருந்தாலும் ‘சிவன்’ என்று ஒற்றைச் சொல்லில் முடிந்துவிடும். தாணு சிவன், மால் திருமால், அயன் பிரமன். மூவரும் சேர்ந்த சுசீந்திரம் சுவாமியின் பெயர் அது. ‘ஆலயன்’ என்று பிரித்தால் பொருளே போச்சு! நம் மாவட்டத்தில் ‘தாணு’ சகஜம், வெளியூரில் அபூர்வம். தேவசகாயமும் (பைபிளில் வரும் லாசரஸ் என்ற பெயரின் தமிழ் வடிவம், ‘கடவுளே துணை’ என்று பொருள்) பல புத்தகங்களில் கிடையாது. 2022-இல் புனிதர் பட்டம் பெற்றவரின் பெயராயிற்றே.

ஆங்கில எழுத்துக்கூட்டலுக்கு உதவியே இல்லை. ‘ஸ்தாணு’, ‘தாணு’ இரண்டில் ஒன்றைப் பிறப்புச் சான்றிதழிலேயே உறுதிசெய்யுங்கள். இல்லாவிட்டால் பாஸ்போர்ட்டில் இடிக்கும். சான்றிதழில் பெயர் சேர்க்க 1 வருடம்வரை கட்டணமில்லை.