மருத்துவ இயற்பியல்: சேலத்துப் பிள்ளைகள் எங்கே சேரலாம்?

சேலத்தில் பி.எஸ்சி. இயற்பியல் முடிக்கும் பிள்ளைகள் ஒவ்வோர் ஆண்டும் என்னிடம் கேட்பது, மருத்துவ இயற்பியலை எங்கே படிக்கலாம் என்பதைத்தான். கதிர் சிகிச்சையில் நோயாளிக்குச் சேரும் கதிரின் அளவைக் கணக்கிட்டுச் சரிபார்க்கும் துறை அது. ஏற்காட்டிலிருந்து இறங்கிப்போய் கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. மருத்துவ இயற்பியல் படித்தவன் நான். என் மனம் அந்தப் பக்கம் சாய்வது இயல்பு.

வழிகள் இரண்டு. ஒன்று, மருத்துவ இயற்பியலிலேயே இரண்டாண்டு முதுகலை. கோவை பாரதியார், சென்னை அண்ணா, திருச்சி பாரதிதாசன் மூன்றிலும் உண்டு. மற்றது, சேலத்திலேயே பெரியார் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. இயற்பியல் முடித்து, மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் ஓராண்டுப் பட்டயத்துக்குப் போவது. இதில் செலவு குறைவு, வீட்டுச் சாப்பாடு. மனம் மாறினால் ஆசிரியர் வேலைக்கும் திரும்பலாம். ஆனால் அந்தப் பட்டயத்துக்கு நாடு முழுவதும் போட்டி. கிடைத்தாலும் ஓராண்டு கூடுதல்.

இதையெல்லாம்விடப் பெரியது இண்டர்ன்ஷிப். எந்த வழியில் போனாலும், தகுந்த வசதியுள்ள கதிரியக்கச் சிகிச்சைப் பிரிவில் பன்னிரண்டு மாதம் பயிற்சி பெற்றால்தான் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் மருத்துவ இயற்பியலாளராக ஏற்கும். பட்டம் மட்டும் கையில் இருந்தால் வேலை இல்லை.

படிக்கும்போதே இயந்திரத்தைத் தொட வேண்டும் என்று நான் வற்புறுத்தக் காரணம் ஒரு மாலை நேரம். கதிர் சிகிச்சை இயந்திரமான லினாக்கின் மேசையில் தண்ணீர்த் தொட்டி, அதற்குள் விரல்நுனி அளவு அயனி அறை, அதாவது உள்ளே இருக்கும் காற்றைக் கொண்டு கதிரை அளக்கும் சிறு கருவி. வெப்பமானியையும் காற்றழுத்தமானியையும் படித்துக் குறிக்கச் சொன்ன ஆசிரியர், "தம்பி, இதே அறையை உங்கள் ஏற்காட்டில் வைத்தால் என்ன காட்டும்?" என்றார். விழித்தேன். 1500 மீட்டர் உயரத்தில் காற்று மெலிந்தது. திறந்த அறைக்குள் இருக்கும் காற்றும் குறைவு. அளவீடு கடல்மட்டத்தில் காட்டுவதைவிட ஏறத்தாழ 15 சதவீதம் இறங்கிவிடும். அழுத்தத் திருத்தம் போடாதவர் இயந்திரம்தான் சோர்ந்துவிட்டது என்று நினைத்துக் கதிரை ஏற்றுவார். அந்த மிகுதி நோயாளியின் உடம்பில் இறங்கும். சூத்திரத்தை வகுப்பிலேயே மனப்பாடம் செய்திருந்தேன். அதன் கனம் அந்த மாலையில்தான் புரிந்தது.

சேருவதற்கு முன் நான் விசாரித்த ஒரு கல்லூரியில் "மருத்துவமனை ஒப்பந்தம் இருக்கிறது" என்றார்கள். எந்த மருத்துவமனை, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை. அங்கே சேர்ந்த நண்பன் படிப்பை முடித்த பிறகு, இண்டர்ன்ஷிப் இடம் தேடியே எட்டு மாதம் அலைந்தான்.

சென்னையில் நான் படித்ததில்லை. அங்கே படித்த தோழி சொல்வதை வைத்துப் பார்த்தால், பெரிய மருத்துவமனைகளும் விதவிதமான இயந்திரங்களும் கோவையைவிட அங்கே அதிகம். விடுதிச் செலவும் அப்படியே. பணம் தடையில்லை என்றால் அண்ணாவை ஒதுக்கச் சொல்ல மாட்டேன். திருச்சி பற்றி அங்கே படித்தவர்களைக் கேளுங்கள்.

கோவை சேலத்திலிருந்து பஸ்ஸில் மூன்று மணி நேரம்தான். விண்ணப்பிக்கும் முன் ஒருநாள் போய், மாணவர்களைப் பயிற்சிக்கு அனுப்பும் மருத்துவமனையை மாலையில் பாருங்கள். நோயாளிகள் வீடு திரும்பிய பிறகுதான் மாணவர் கைக்கு லினாக் வரும். அந்த நேரத்தில் அங்கே மாணவர்கள் நிற்கிறார்களா என்று பாருங்கள்.