ஆர்சி கார் ரேம்ப் செஞ்சு தரேன்னு அட்வான்ஸ் கேக்குறாங்களா, இதப் படிச்சிட்டு குடுங்க

கோயம்புத்தூர்ல ஆர்சி கார், அதாவது ரிமோட்ல ஓடுற கார் ஓட்டுறவங்க கொஞ்சம் கவனிங்க. எங்கிட்ட இருக்கறது நிஜ வண்டில பத்துல ஒரு பங்கு (1/10) சைஸ் ஷார்ட் கோர்ஸ் ட்ரக், அதாவது மண் தடத்துல ஓடுற ரேஸ் ட்ரக் மாடல், பேட்டரியோட ரெண்டரை கிலோ கிட்ட வரும். அது ஏறித் தாவ ஒரு சாய்வு மேடை, அதான் ஜம்ப் ரேம்ப், வேணும்னு இன்ஸ்டாகிராம்ல போட்டோ பாத்து ஒருத்தர்கிட்ட ஆர்டர் குடுத்தேன், 8,500 ரூபா பேசி 5,000 அன்னிக்கே ஜிபே பண்ணிட்டேன். பத்து நாள்னாரு, வந்து சேர அஞ்சு வாரம் ஆச்சு, அது கூடப் பரவால்லைங்க.

நான் வாயில சொல்லிட்டு விடல, அளவோட வரைஞ்சே குடுத்தேன். நீளம் 120 செ.மீ, உயரம் 30, அகலம் 60. 255 செ.மீ நூல்ல சாக்பீஸ் கட்டி தரையில இழுத்தா அந்த வளைவு அப்படியே வந்துரும், ஏறி முடியுற இடத்துல 28 டிகிரி கிட்ட இருக்கும். உள்ள தாங்கறதுக்கு 15 செ.மீக்கு ஒண்ணா அதே வளைவுல வெட்டின அஞ்சு மரச்சட்டம், மேல 6 எம்எம் மரைன் பிளை (தண்ணி தாங்குற பிளைவுட்), இவ்ளோதான் கேட்டது.

டெலிவரி அன்னிக்கு மழை, ஆட்டோக்காரர் அவசரப்படுத்துறாரு, தார்ப்பாய கூட முழுசா விலக்கிப் பாக்காம மீதி 3,500ஐயும் குடுத்துட்டேன். நான் பண்ண பெரிய தப்பு அதுதான்.

வெயில் வந்ததும் வெளிய எடுத்துப் பாத்தா வளைவே இல்ல, ரெண்டு நேர் பலகைய நடுவுல ஒட்டி வச்சிருக்காரு. இது பாக்க சின்ன விஷயமா தெரியும் ஆனா வண்டி வேகமா வந்து அந்த மடிப்புல ஏறும்போது முன் சஸ்பென்ஷன் ஒரேயடியா அமுங்கி சேசிஸ் (வண்டியோட அடித்தட்டு) மூக்கு பலகைல இடிக்கும், அடுத்து பின் சக்கரம் அதே இடத்துல உதைபட்டு மேல தூக்கும், அப்புறம் காத்துல த்ராட்டில் (ஆக்சிலரேட்டர்) குடுத்து மூக்க தூக்கப் பாத்தாலும் தூக்க முடியாது. சரி, மெதுவா ஓட்டிப் பாப்போம்னு விட்டேன். மூணாவது ஜம்ப்ல வண்டி காத்துலயே வலது பக்கம் உருண்டு, ஓரமா நின்னுட்டு இருந்த அக்கா பையன் காலுக்கு ஒரு அடி தள்ளி விழுந்துச்சு. அவனுக்கு ஒம்பது வயசுங்க. முன்பக்க சஸ்பென்ஷன் ஆர்ம் உடைஞ்சதெல்லாம் எனக்கு அப்ப கண்ணுலயே படல.

ஏன் உருண்டுச்சுன்னு போன்ல லெவல் ஆப் போட்டு உச்சி விளிம்புல வச்சுப் பாத்தா இடது பக்கத்த விட வலது பக்கம் 2 செ.மீ எறக்கம். கவுத்துப் போட்டேன். அஞ்சு சட்டத்துக்கு ரெண்டுதான், அதுவும் பேக்கிங் பெட்டி மரம், ஜிப்சம் போர்டுக்குப் போடுற கருப்பு ஸ்க்ரூல புடிச்சிருக்கு, அதுல ரெண்டு ஏற்கனவே தலை முறிஞ்சு நிக்குது. நடுவுல தாங்க ஒண்ணும் இல்லாததால பிளை தொங்கிருச்சு.

பிளைல ஐஎஸ் 710னு, அதாவது மரைன் பிளைக்கான தர எண், சீல் இருந்துச்சு. அந்த பிளை 72 மணி நேரம் கொதிக்க வச்சாலும் ஏடு பிரியக் கூடாதுங்கறது விதி. மூலையில ஒரு துண்டு வெட்டி பாத்திரத்துல போட்டு கொதிக்க வச்சேன், ரெண்டு மணி நேரத்துல வெங்காயத் தோல் மாதிரி உரிஞ்சு வந்துருச்சு. ஐஎஸ்ஐ முத்திரைக்குக் கீழ சிஎம்/எல்னு ஒரு லைசென்ஸ் நம்பர் இருக்கணும், ஐஎஸ்ஐ முத்திரை குடுக்கற பிஐஎஸ்ஸோட பிஐஎஸ் கேர் ஆப்ல அதப் போட்டா கம்பெனி பேரு வரும். இதுல நம்பரே இல்ல.

போன் பண்ணா, "பொம்மை கார்தானே சார், இதுக்குப் போய் இவ்ளோ டென்ஷனா"ங்கறாரு. காசு வாங்கும்போது பொம்மை இல்லையா? மறுநாள் பிளாக் பண்ணிட்டாரு. நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915ல புகார் குடுத்திருக்கேன், அது நடக்கற வரைக்கும் பேரு வேண்டாம்னு விட்டிருக்கேன். வேற யாராச்சும் இப்படி ஆர்டர் குடுத்திருந்தா, கவுத்துப் போட்டு உள்ள பாக்காம மீதிப் பணத்த குடுக்காதீங்க, மழையோ வெயிலோ ஆட்டோ நிக்கட்டும்.

இப்ப நானே செய்யறேன். அஞ்சு சட்டத்தையும் ஒண்ணா கிளாம்ப் போட்டு ஜிக்சா ரம்பத்துல ஒரே வெட்டா வெட்டினேன், லெவல் வச்சா ரெண்டு பக்கமும் ஒண்ணா நிக்குது. அக்கா பையன் பாக்க வரான், ஆனா கேட்டுக்கு வெளிய நின்னுதான் பாக்கறான்.