ஓப்பன்ஃபாஸ்ட்: விடையை நம்புவதற்கு முன்

காற்றில் காற்றாலைக் கோபுரமும் இறக்கையும் எவ்வளவு வளையும், எப்படி அதிரும் என்று கணக்கிடும் ஓப்பன்ஃபாஸ்ட் மென்பொருளைச் சில வருஷமாக மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் வீட்டிலிருந்தே ஓட்டி வருகிறேன். இலவசம், மூலநிரலும் திறந்தே கிடக்கிறது. அதோடு வரும் சோதனைகள் எல்லாம் தேறினால் மென்பொருள் நம் கணினியில் ஒழுங்காக உட்கார்ந்துவிட்டது, அவ்வளவுதான். நாம் கொடுத்த காற்றாலை சரியா என்பது வேறு கேள்வி.

அதற்கு நான் முதலில் பார்ப்பது எடை. அமெரிக்க ஆற்றல் ஆய்வகமான என்.ஆர்.இ.எல். 2009இல் வெளியிட்ட 5 மெகாவாட் மாதிரியில் சுழலி (இறக்கைகளும் அவற்றின் நடுக்குடமும்) 110 டன், நாசெல் (கோபுர உச்சியில் மின்னாக்கி இருக்கும் பெட்டி) 240 டன், கோபுரம் சுமார் 347 டன். காற்றில்லாமல், சுழலியை நிறுத்தி ஓட்டினால் கோபுர அடியில் 6,840 கிலோநியூட்டன் அளவுக்குச் சுமை வர வேண்டும். வரவில்லையா, மற்ற வரைபடங்களைத் திறக்கவே வேண்டாம்.

பிறகு கோபுர உச்சியைக் கொஞ்சம் தள்ளிவிட்டு ஆட விடுவேன். ஓர் ஆட்டத்துக்கு மூன்று விநாடிக்குச் சற்று மேல், அதாவது 0.32 ஹெர்ட்ஸ். சுழலி நிமிடத்துக்கு 12.1 சுற்று என்பதால் அதன் அதிர்வு 0.2, மூன்று இறக்கைகளும் கோபுரத்தைக் கடப்பது 0.6. கோபுரத்தின் ஆட்டம் இந்த இரண்டுக்கும் நடுவே நிற்க வேண்டும். (“இங்க செம்பனை ஓலையே அசையல, உனக்கெதுக்கு தம்பி காத்தாலை?” என்பார் ஒட்டுக்கடை அண்ணன். வேலை வெளிநாட்டுக்கு, அண்ணே.)

உண்மையான ஆபத்து, ஓப்பன்ஃபாஸ்ட்டுக்குள் கோபுரமும் இறக்கையும் வளைவதைக் கணக்கிடும் எலாஸ்டோடைன் பகுதியில் இருக்கிறது. கோபுரம் எந்த வடிவத்தில் வளையும் என்பதை அது தானாகக் கண்டுபிடிக்காது. பல்லுறுப்புக் கெழுக்களாக நாம்தான் எழுதித் தர வேண்டும். கெழுக்களின் கூட்டுத்தொகை 1 வருகிறதா என்று மட்டும் பார்க்கும். கோபுரத் தடிமனை மாற்றிவிட்டுப் பழைய கெழுக்களை அப்படியே விட்டாலும் கூட்டுத்தொகை 1தானே? முணுமுணுக்காமல் ஓடி, அழகான வரைபடமும் தரும். அதனால் கோபுரத்தைத் தொட்டால் பிமோட்ஸ் என்ற தனி மென்பொருளில் புதுக் கெழுக்களை எடுத்த பிறகுதான் அடுத்த வேலை.

உள்ளீட்டுக் கோப்புகளை அது எத்தனையாவது வரி என்று பார்த்துத்தான் படிக்கும். பதிப்பு மாறும்போது வரிகளும் மாறும், எரிச்சல்தான். நீண்ட இறக்கையின் முறுக்கம் வேண்டுமென்றால் பீம்டைன் என்ற இன்னொரு பகுதிக்குப் போக வேண்டும், எலாஸ்டோடைனில் அது கிடையாது. பீம்டைன் மெதுவாகத்தான் ஓடும். இரவில் ஓட விடுங்கள், சாயங்கால இடிமழை ஓய்ந்த பிறகு.