கேம் வண்டிக்கு முன்பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள்

பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு வீடியோ கேம் வண்டி வரவழைக்கலாம் என்ற யோசனையில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன். மூன்று வாரத்துக்கு முன் என் மகளின் ஒன்பதாவது பிறந்தநாளுக்கு அப்படி ஒரு வண்டியைப் பிடித்தேன். பணம் போனதைக்கூட விட்டுவிடலாம். 14 பிள்ளைகளை, அவர்களுடைய அம்மா அப்பா என்னை நம்பி அனுப்பிய பிள்ளைகளை, ஓர் ஆபத்தான பெட்டிக்குள் நானே ஏற்றி உட்கார வைத்தேன். அதை என்னால் மறக்க முடியவில்லை.

பார்த்திராதவர்களுக்கு: பெரிய வேன் அல்லது டிரெய்லர். உள்ளே சுவரோரமாக வரிசையாக டிவி, ஒவ்வொன்றுக்கும் கீழே பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ், நின்டெண்டோ ஸ்விட்ச் என ஏதாவது ஒரு கருவி, எதிரே நீள இருக்கை. வண்டி நம் வாசலுக்கே வரும், ஜெனரேட்டரில் ஓடும். இரண்டு மணி நேரம், மூன்று மணி நேரம் என்று வாடகை. நல்லபடியாக நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள். போன வருடம் என் அக்கா மகன் பிறந்தநாளுக்கு வந்த வண்டியில் பிள்ளைகள் இறங்கவே மனமில்லாமல் விளையாடினார்கள். அதைப் பார்த்துத்தான் என் மகளும் ஆசைப்பட்டாள். அக்கா பிடித்த ஆள் தொழிலை விட்டுவிட்டதால் நான் இணையத்தில் தேடி வேறு ஒருவரைப் பிடித்தேன்.

அந்தப் பக்கத்தில் படங்கள் கண்ணைப் பறித்தன. நீல விளக்கு, தோல் இருக்கை, பளபளக்கும் எட்டு டிவி. “ஒரே நேரத்தில் 16 பேர் விளையாடலாம்” என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். போன் செய்து மூன்று விஷயம் சொன்னேன். வருகிறவர்கள் 14 பேர், எல்லாருக்கும் எட்டு ஒன்பது வயது, அதனால் வெட்டு குத்து துப்பாக்கி விளையாட்டு எதுவும் வேண்டாம். விளையாட்டுகளின் பட்டியலை முன்னாலேயே அனுப்ப வேண்டும். வருகிற பையன்களில் ஒருவனுக்கு வலிப்பு வரும், அதனால் மின்னி மின்னி எரிகிற விளக்கு கூடவே கூடாது.

“மேடம், நீங்க எதுக்கும் கவலைப்படாதீங்க. பசங்கள வண்டில ஏத்தி விட்டுட்டு நீங்க போய் விருந்தாளிங்களப் பாருங்க. மீதிய நாங்க பாத்துக்கறோம்.”

அந்த வார்த்தையில் விழுந்துவிட்டேன். பாதித் தொகையை அன்றே அனுப்பினேன். பணம் போய்ச் சேர்ந்த கணக்கில் இருந்த பெயரும் பக்கத்தில் இருந்த பெயரும் வேறு வேறு. பார்த்தேன், அவர் வீட்டில் வேறு யாருடைய பெயராகவாவது இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பட்டியல் கடைசிவரை வரவே இல்லை. இரண்டு முறை கேட்டதற்கும் “அனுப்பறேன் மேடம்” என்றுதான் பதில்.

அன்றைக்கு வண்டி 50 நிமிடம் தாமதம். வந்த வண்டி படத்தில் இருந்த வண்டியே இல்லை. சரக்கு ஏற்றுகிற பழைய வேன், ஜன்னல் கிடையாது, இரண்டு பக்கமும் பெஞ்சு. ஓட்டி வந்தவர் இறங்கியதும் முதல் வேலையாக மீதிப் பணத்தைக் கேட்டார். உள்ளே பார்த்துவிட்டுத் தருகிறேன் என்றேன். பணம் வந்தால்தான் கதவு திறக்கும் என்றார். பிள்ளைகள் எல்லாம் வாசலில் குதித்துக்கொண்டு நிற்கிறார்கள். என் மகள் என் முகத்தையே பார்க்கிறாள். கொடுத்தேன். அவர்கள் தாமதமாக வருவதும் பிள்ளைகள் முன்னால் கேட்பதும் தற்செயல் இல்லை என்று இப்போது நம்புகிறேன். அந்த நேரத்தில் எந்தத் தாயும் “முடியாது” என்று சொல்ல மாட்டாள். ஓட்டி வந்தவர் பணத்தை வாங்கிக்கொண்டு, ஒரு சின்னப் பையனை மட்டும் பொறுப்புக்கு விட்டுவிட்டு, வேறு வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

கதவு திறந்ததுமே கூரை முழுக்க ஒட்டியிருந்த எல்இடி பட்டை டப் டப்பென்று வெட்ட ஆரம்பித்தது. நான் எதை வேண்டாம் என்று சொன்னேனோ அதேதான். வலிப்பு உள்ள பையனின் அம்மா நல்லவேளையாகக் கூடவே நின்றார். ஓடிப்போய் அவன் கண்ணைப் பொத்தி வெளியே இழுத்து வந்தார். விளக்கை அணைக்கச் சொன்னால் பொறுப்புக்கு இருந்த பையனுக்கு ஸ்விட்ச் எது என்றே தெரியவில்லை. இது அதிகப்படியான பயம் என்று யாரும் நினைக்க வேண்டாம். 1997 டிசம்பரில் ஜப்பானில் ஒரு தொலைக்காட்சிக் கார்ட்டூனில் சிவப்பும் நீலமும் சில விநாடிகள் வேகமாக மாறி மாறி மின்னியதற்கே 600க்கும் மேற்பட்ட பிள்ளைகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மின்னும் வெளிச்சம் சிலருக்கு வலிப்பை வரவழைக்கும் என்ற எச்சரிக்கை, விளையாட்டுக் கருவிகளுடன் வரும் பாதுகாப்புக் குறிப்பிலேயே அச்சாகி இருக்கும். அந்தப் பையன் அன்று வண்டிக்குள் போகவே இல்லை. மற்ற பிள்ளைகளின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வாசல் படியில் அம்மாவுடன் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு எட்டு வயது. “ஆன்ட்டி, எனக்குப் பரவாயில்ல” என்று அவன் என்னைத் தேற்றினான். இதை எழுதும்போதும் தொண்டை அடைக்கிறது.

உள்ளே ஆறு டிவி இருந்தது. இரண்டு எரியவில்லை. மீதி நான்கில் நடந்ததைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் நான் ஏமாந்தது இந்த இடத்தில்தான்.

“16 பேர் விளையாடலாம்” என்று அவர்கள் சொன்னது பெஞ்சில் இடம் இருக்கிற கணக்கு. ஒரு விளையாட்டை எத்தனை பேர் சேர்ந்து ஆடலாம் என்பது அந்த விளையாட்டைப் பொறுத்தது. மரியோ கார்ட் 8 டீலக்ஸ் என்றால் ஒரு ஸ்விட்சில், ஒரே திரையில் நான்கு பேர். சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் அல்டிமேட் என்றால் எட்டுப் பேர்வரை. மைன்கிராஃப்ட் டிவியில் திரையைப் பிரித்து நான்கு பேர். பிள்ளைகள் எல்லாரும் கேட்கிற ஃபோர்ட்நைட்டில் திரையைப் பிரித்தால் இரண்டே பேர்தான். அதற்கும் இணையம் வேண்டும், ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு வேண்டும். ஆக, எட்டு டிவி இருந்தாலும் என்ன விளையாட்டு என்பதை வைத்து 16 பேரும் ஆடலாம், 32 பேரும் ஆடலாம், நான்கு பேர்கூட ஆட முடியாமலும் போகலாம். கையில் பிடிக்கிற கன்ட்ரோலர் எத்தனை, அதில் சார்ஜ் இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. எங்களுக்கு வந்த ஸ்விட்சுக்கு நான்கு கன்ட்ரோலர் இருந்தது, இரண்டில் உயிரே இல்லை.

எக்ஸ்பாக்ஸ் திரையில் விளையாட்டுகளின் படமெல்லாம் அழகாகத் தெரிந்தது. எதை அழுத்தினாலும் இணையத்தில் இணையுங்கள் என்று வந்தது. என்னவென்று எனக்குப் புரியவில்லை. பக்கத்து வீட்டில் கல்லூரியில் படிக்கிற பையன் வந்து பார்த்துவிட்டுச் சொன்னான். டிஸ்க்காக வாங்காமல் இணையத்தில் இறக்கிய விளையாட்டு, வாங்கிய கணக்குக்கு எந்தக் கருவி முதன்மைக் கருவி என்று பதிந்திருக்கிறதோ அதில்தான் இணையம் இல்லாமல் ஓடுமாம். வேறு கருவியில் ஓட்ட வேண்டும் என்றால் அந்தக் கணக்கில் நுழைந்து, இணையத்திலும் இருக்க வேண்டுமாம். இவர்கள் ஒரே கணக்கில் ஒரு பிரதி வாங்கிப் பல கருவிகளில் ஏற்றி வைத்திருக்கிறார்கள் போல, ஆன்ட்டி, என்றான். என் போனில் இருந்து இணையம் கொடுத்துப் பார்த்தோம். உடனே பெரிய அப்டேட் ஒன்றை இறக்கச் சொன்னது. மணிக்கணக்கில் ஆகும் என்று காட்டியது. அப்படியே விட்டுவிட்டோம்.

ஒரு டிவியில் கால்பந்து ஓடியது. இரண்டு பேர். மரியோ கார்ட்டில் இரண்டு பேர். மற்ற பிள்ளைகள் அவர்கள் தோளுக்குப் பின்னால் நெருக்கிக்கொண்டு “அடுத்தது நானு, அடுத்தது நானு” என்று கத்திக்கொண்டு நின்றார்கள். என் மகள் தன் முறை வந்தபோதெல்லாம் பக்கத்தில் இருந்தவளிடம் கன்ட்ரோலரைக் கொடுத்தாள். வந்தவர்கள் வருத்தப்படக் கூடாது என்று நினைத்திருக்கிறாள். அவள் பிறந்தநாளில் அவள் ஒரு ஓட்டம்கூட முழுதாக ஆடவில்லை.

நான்காவது டிவி மூலையில் இருந்தது. நான் வெளியே போன் செய்து அந்த ஆளைப் பிடிக்க முயன்றுகொண்டிருந்தேன். திரும்பி உள்ளே போனபோது அந்த மூலையில் மூன்று பையன்கள் சத்தமே இல்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். திரையில் கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 5, பெரியவர்களுக்கான துப்பாக்கி விளையாட்டு. எந்த விளையாட்டு எந்த வயதுக்கு என்று சொல்ல ஐரோப்பாவில் 2003இல் இருந்து நடைமுறையில் இருக்கும் பெகி தரப்படுத்தலில் அது 18 வயது ஆனவர்களுக்கு. அமெரிக்காவில் 1994இல் தொடங்கிய ஈஎஸ்ஆர்பி அமைப்பு அதற்கு எம் என்ற தரம் கொடுத்திருக்கிறது, அதாவது 17 வயதும் அதற்கு மேலும். எட்டு வயதுப் பிள்ளைகள் கையில் அது. பொறுப்புக்கு இருந்த பையனைக் கேட்டால் “அவங்களேதான் கேட்டாங்க ஆன்ட்டி” என்கிறான். அவனைத் திட்ட மனம் வரவில்லை. வேலைக்குச் சேர்ந்து இரண்டு நாள்தான் ஆகிறதாம், யாரும் அவனிடம் எதுவும் சொல்லி அனுப்பவில்லை. அந்த மூன்று பையன்களின் வீட்டுக்கும் அன்று இரவே போன் செய்து நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

இது எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்தைக் கடைசியில்தான் கவனித்தேன். இரண்டு பெண் பிள்ளைகள் தலை வலிக்கிறது என்று இறங்கி வந்தார்கள். கூட்டம், இரைச்சல், திரையை உற்றுப் பார்த்தது, அதனால்தான் என்றே முதலில் நினைத்தேன். ஒருத்தி வாந்தி வருகிறது என்றதும் என் கணவர் வண்டியைச் சுற்றிப் போய்ப் பார்த்தார். பெட்ரோல் ஜெனரேட்டர் ஏறுகிற படிக்கு ஒட்டியே வைத்திருந்தது, புகைக்குழாய் திறந்திருந்த கதவைப் பார்த்து. ஜன்னல் இல்லாத பெட்டி அது. உடனே எல்லாப் பிள்ளைகளையும் இறக்கினோம், ஜெனரேட்டரை நிறுத்தினோம். ஜெனரேட்டர் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அதற்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது. முதலில் தலைவலி, தலைசுற்றல், குமட்டல் என்றுதான் காட்டும், அதிகமானால் உயிரையே எடுக்கும். அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம், ஜெனரேட்டரை வீட்டில் இருந்து குறைந்தது 20 அடி தள்ளி, புகைக்குழாய் ஆட்கள் இருக்கிற பக்கம் பார்க்காதபடி வைக்கச் சொல்கிறது. எங்கள் வாசலில் இரண்டடிகூட இல்லை. கேம் ஆடிய பிள்ளை தலை வலிக்கிறது என்றால் நாம் டிவியைத்தான் குறை சொல்வோம், அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். இரண்டு பிள்ளைகளையும் டாக்டரிடம் காட்டினோம், காற்றோட்டத்தில் இருந்ததும் சரியாகிவிட்டார்கள். அந்தக் கதவை யாராவது குளிர்கிறது என்று மூடியிருந்தால், ஜெனரேட்டர் வேறு பக்கம் ஓட்டை வழியாகப் புகையை உள்ளே விட்டிருந்தால் என்று நினைத்து அன்றிரவு நான் தூங்கவில்லை.

மூன்று மணி நேரத்துக்குப் பேசிய வாடகை, ஒரு மணி பத்து நிமிடத்தில் முடிந்தது.

மறுநாள் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். “வண்டி வந்துச்சா மேடம்? பசங்க ஏறினாங்களா? அப்புறம் எப்படித் திருப்பித் தர்றது?” என்றார். பட்டியல் கேட்டது, விளக்கு வேண்டாம் என்றது எல்லாம் போனில் வாய்வார்த்தையாகச் சொன்னது. “அப்படி நீங்க சொல்லவே இல்ல” என்று முடித்துவிட்டார். நல்லவேளையாக ஜெனரேட்டர் இருந்த இடத்தையும் எரியாத டிவிகளையும் என் கணவர் வீடியோ எடுத்திருந்தார். அதை அனுப்பி, எழுத்தில் புகார் கொடுக்கப் போகிறேன் என்றதும் கால்பங்கு திரும்பி வந்தது. மீதிக்குப் புகார் கொடுத்திருக்கிறேன்.

அடுத்தவர்கள் என்னைப் போல மாட்டக் கூடாது. போனில் பேசியதை எல்லாம் உடனே குறுஞ்செய்தியாக எழுதி அனுப்பி, “சரி” என்ற பதிலை வாங்கிவிடுங்கள். எத்தனை டிவி என்று கேட்காதீர்கள். எந்த டிவியில் என்ன விளையாட்டு, அதில் எத்தனை பேர், டிஸ்க்கா இறக்கியதா, இணையம் இல்லாமல் ஓடுமா என்று கேளுங்கள். நன்றாகத் தொழில் செய்கிறவர் இதற்கு யோசிக்காமல் பதில் சொல்வார். அக்கா பிடித்த ஆள் எதைக் கேட்டாலும் படபடவென்று சொன்னாராம். முடிந்தால் முதல் நாளே வண்டி நிற்கிற இடத்துக்குப் போய் உள்ளே ஏறிப் பாருங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லை என்றால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள். மீதிப் பணம் உள்ளே எல்லாம் ஓடுவதைப் பார்த்த பிறகு என்று எழுதி வாங்குங்கள். பிள்ளைகளை வண்டி வந்து நின்ற பிறகு அரை மணி நேரம் கழித்து வரச் சொல்லுங்கள். அவர்கள் இல்லாதபோது பேரம் பேச உங்களுக்குத் தைரியம் இருக்கும். பெரியவர்கள் ஒருவர் வண்டிக்குள்ளேயே இருங்கள், பொறுப்புக்கு ஆள் வந்தாலும்.

இன்னொன்று. அந்தப் பக்கத்தில் இருந்த படங்களைப் படத்தேடலில் போட்டுப் பார்த்தேன். வேறொரு நாட்டில் ஓடுகிற வண்டியின் படங்கள். முன்னாலேயே கவனித்திருக்கலாம்: ஒரு படத்தில் ஓட்டுநர் இருக்கை தெரிகிறது, ஸ்டீயரிங் இங்கே ஓடும் வண்டிகளுக்கு எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது. நேற்றுத் தேடியபோது அந்தப் பழைய பக்கம் இல்லை. வேறு பெயரில் புதிதாக ஒரு பக்கம் முளைத்திருக்கிறது. நீல விளக்கு, தோல் இருக்கை, எட்டு டிவி, எதிர்ப்பக்கத்தில் ஸ்டீயரிங். அதைப் பார்த்தால் போன் செய்யாதீர்கள்.