அந்தமான் படகு டிக்கெட்: ஏஜெண்டிடம் ஏமாந்த கதை

பிப்ரவரியில் அம்மா, மனைவி, நான் மூவரும் அந்தமான் போனோம். விமான டிக்கெட்டை நானே எடுத்துவிட்டேன். போர்ட் பிளேரிலிருந்து ஹேவ்லாக் தீவுக்குப் போகும் படகுக்கு மட்டும் சோம்பல்பட்டு ஒரு ஏஜெண்டிடம் விட்டேன்.

தனியார் கேட்டமரான் (வேகப் படகு), ஏசி, ஒன்றரை மணி நேரத்தில் போய்விடலாம் என்றார். போக வர மூன்று பேருக்கும் 11,400 ரூபாய் அனுப்பினேன். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு வாட்ஸ்அப்பில் ஒரு பிடிஎஃப் வந்தது. மேலே படகுப் படம், கீழே எங்கள் பெயர்கள். அம்மாவுக்கும் எனக்கும் ஒரே சீட் நம்பர்! அப்போதே உறைத்திருக்க வேண்டும். கேட்டால், "சிஸ்டம்ல அப்படித்தான் சார் காட்டும், ஏறினப்புறம் மாத்திக்கலாம்" என்றார். சரி என்று விட்டுவிட்டேன்.

விடிந்தும் விடியாமலும் ஹாடோ படகுத்துறையில் போய் நின்றோம். கவுண்டரில் இருந்த பையன் பிஎன்ஆரை இரண்டு தடவை தட்டிப் பார்த்தான். ஆதாரை வாங்கிப் பெயரைப் போட்டும் தேடினான். பட்டியலில் நாங்கள் இல்லவே இல்லை. ஏழாவது தடவை அடித்தபோதுதான் ஏஜெண்ட் போனை எடுத்தார். "நீங்க ஃபீனிக்ஸ் பே போகணும் சார், டிக்கெட் அங்க இருக்கு."

தனியார் படகு கிளம்புவது ஹாடோவில், அரசுப் படகு கிளம்புவது ஃபீனிக்ஸ் பேயில். தனியாருக்குக் காசு வாங்கிக்கொண்டு, குறைந்த கட்டணத்தில் அரசுப் படகில் இடம் போட்டிருக்கிறார். ஆட்டோ பிடித்து ஓடினோம். படகு கரையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. அம்மா பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டார். மதியப் படகுக்கு மறுபடி காசு கொடுத்து எடுத்தோம்.

அரசுப் படகைக் குறை சொல்லவில்லை. இரண்டரை மணி நேரம் ஆகும், ஆனால் மேல்தளத்தில் நின்று காற்று வாங்கலாம். அரசுப் படகுக்குத் தனியார் படகின் விலையை வாங்கியதுதான் வயிற்றெரிச்சல்.

போகிறவர்கள் படகு நிறுவனங்களின் இணையதளத்திலேயே நேரடியாக எடுங்கள். ஏஜெண்ட் வழியாக எடுத்தால், பிஎன்ஆர் வந்த அன்றே நிறுவனத்துக்குப் போன் போட்டுக் கேளுங்கள், எந்தப் படகுத்துறை என்பதையும் சேர்த்து. டிக்கெட்டில் ஸ்வராஜ் த்வீப் என்று இருந்தால் பதற வேண்டாம், 2018இல் ஹேவ்லாக்குக்கு வைத்த பெயர் அது. போர்ட் பிளேரும் 2024இல் ஸ்ரீ விஜய புரம் ஆகிவிட்டது.

இன்னொன்று, ஏஜெண்ட் திரும்பும் படகை விமானம் ஏறும் நாளிலேயே போடப் பார்த்தார். அதற்கு மட்டும் நான் மசியவில்லை. 2016 டிசம்பரில் புயல் சின்னத்தால் படகுகள் நின்று, நூற்றுக்கணக்கான பயணிகள் ஹேவ்லாக்கில் மாட்டிக்கொண்டார்கள். கடற்படைக் கப்பல்கள் போய்தான் மீட்டு வந்தன. நடுவில் ஒரு நாள் விட்டுவைத்தால் நிம்மதி.

பணமா? 3,000 திரும்ப வந்தது. மீதி "திங்கட்கிழமை கண்டிப்பா சார்". நாலு திங்கள் போயாயிற்று, இப்போது என் நம்பரையே பிளாக் செய்துவிட்டார்.