சியோலைட் அரைக்க உலர் முறையா, ஈர முறையா?

சியோலைட் என்பது உரச்சத்தைப் பிடித்து வைக்கும் நுண்துளைக் கனிமம். அதை நுவரெலியாவில் லீக்ஸ், உருளைக்கிழங்குப் பாத்திக்குப் போடத்தான் என்றால் யோசிக்கவே வேண்டாம், உலர் அரைப்புப் போதும். உருளும் பீப்பாய், உள்ளே இரும்புக் குண்டுகள், அவ்வளவுதான். மண்ணுக்குப் போடும் சியோலைட் வகையான கிளினோப்டிலோலைட் அப்படியொன்றும் கடினமான கல் இல்லை. கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை சொல்லும் மோஸ் அளவில் 3.5 முதல் 4 வரை. உரத்திலுள்ள நைதரசன் சத்தான அமோனியத்தைப் பிடிக்கும் துளைகள் 1 நானோமீற்றரிலும் சிறியவை, துகளுக்குள்ளேயே இருப்பவை. மாவாக்கினால் பிடிக்கும் வேகம் கூடும். கொள்ளளவு பெரிதாகக் கூடாது.

இங்கே உலர் முறைக்குத் தொல்லை ஈரப்பதம்தான். மழை மாதத்தில் ஹட்டன் பக்கம் மூட்டையைத் திறந்து வைத்தால் சியோலைட் காற்றிலுள்ள நீரை இழுத்துக்கொள்ளும். பிறகு மில்லுக்குள் தூள் சுவரில் அப்பிக் கட்டிபட்டு நிற்கும். முதலில் காய வைத்தே ஆகவேண்டும். தூசிக்கு முகக்கவசமும் கட்டாயம் (கைக்குட்டை கணக்கில் வராது).

ஈர முறையில் தூசி இல்லை. தண்ணீரில் கூழாக்கி, பொடிச் சிர்கோனியா (கடினமான பீங்கான் வகை) மணிகளோடு சுழற்றினால் 1 மைக்ரோனுக்குக் கீழேயும் இறக்கலாம். ஆனால் அளவுக்கு மீறி ஓடவிட்டால் படிக அமைப்பே சிதையும், அமோனியம் பிடிக்கும் சக்தியும் அதோடு போச்சு. அரைத்த கூழைத் திரும்பக் காயவைக்கும் செலவு வேறு. தேயிலைத் தொழிற்சாலையில் அடுப்புக்கு விறகு வாங்குபவரைக் கேட்டால் சொல்வார். மென்படலம் (வடிகட்டும் மெல்லிய படலம்), பூச்சு செய்கிறவர்களுக்குத்தான் ஈர முறை கட்டுப்படியாகும்.