டொக்கு, கூலிஃபை, கம்போஸ்: என்விரான்மென்ட் வேரியபிளை எதில் துணிந்து அழிக்கலாம்?

தேவையில்லாத என்விரான்மென்ட் வேரியபிளை (கடவுச்சொல், போர்ட் போல ஆப்புக்கு வெளியிலிருந்து கொடுக்கும் மதிப்பை) அழிப்பது ஒரு வரி வேலைதான். அழித்த நேரம் ஒன்று, அதன் விளைவு தெரியும் நேரம் வேறொன்று என்பதில்தான் வில்லங்கமே இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் புராசஸ், தான் தொடங்கியபோது வாங்கிய மதிப்புகளோடுதான் ஓடும். வெளியே எதை அழித்தாலும் அதற்குத் தெரியாது. அடுத்த கன்டெய்னர் (ஆப் தனியாக ஓடும் பெட்டி) உருவாகும்போதுதான் குட்டு வெளிப்படும். சொந்த சர்வரில் டெப்ளாய் செய்ய, அதாவது ஆப்பை ஏற்றி ஓடவிட, பலரும் கையாளும் மூன்று வழிகளை (டெர்மினல் கட்டளைகளால் இயக்கும் டொக்கு, பிரவுசர் திரையில் இயக்கும் கூலிஃபை, கன்டெய்னர்களை ஒரு கோப்பில் விவரித்து ஓட்டும் டாக்கர் கம்போஸ்), பெரும்பாலும் இந்த இடைவெளியை வைத்தே எடைபோட்டுப் பார்க்கிறேன்.

டொக்குவில் இடைவெளியே கிடையாது. 'கான்ஃபிக்:அன்செட்' கட்டளையில் ஆப் பெயரையும் வேரியபிள் பெயரையும் கொடுத்தால், மதிப்பை அழித்த கையோடு ஆப்பையும் ரீஸ்டார்ட் செய்துவிடும். சிலருக்கு இது எரிச்சல். எனக்கு இதுதான் டொக்குவின் பெரிய பலம்: உடைவதானால் நாம் டெர்மினல் முன்னால் உட்கார்ந்திருக்கும்போதே உடையட்டுமே. புதிய கன்டெய்னர் சோதனையில் தேறிய பிறகுதான் பழையது விலகும் என்பதால், தொடக்கத்திலேயே விழுகிற ஆப் என்றால் பயனருக்கு எதுவும் தெரியாது.

ஆனால் அந்தச் சோதனையை அளவுக்கு மீறி நம்பக் கூடாது. ஹெல்த்செக் (ஆப் சரியாக இயங்குகிறதா என்று பார்க்கும் சோதனை) எதுவும் எழுதி வைக்காவிட்டால், கன்டெய்னர் 10 விநாடி விழாமல் நிற்கிறதா என்று பார்ப்பதோடு சரி. மெயில் அனுப்பும்போது மட்டும் படிக்கப்படும் எஸ்எம்டிபி கடவுச்சொல்லை அழித்துப் பாருங்கள்; 10 விநாடி என்ன, 10 நாள் ஆனாலும் ஆப் பச்சை விளக்கோடுதான் நிற்கும். சோதனை தோற்று பழைய கன்டெய்னர் தொடர்ந்தாலும், அழித்த மதிப்பு தானாகத் திரும்பாது. எனவே முதலில் 'கான்ஃபிக்:எக்ஸ்போர்ட்' செய்து, வெளியீட்டை மற்றவர் படிக்க முடியாத இடத்தில் வைத்துவிடுங்கள். 'நோ-ரீஸ்டார்ட்' என்ற ஆப்ஷனும் இருக்கிறது. பல மாற்றங்களைச் சேர்த்துச் செய்யும்போது உதவும், கூடவே அந்தப் பழைய இடைவெளியையும் திரும்பக் கொண்டுவரும். அழிக்க மட்டும்தான் என்றால் அது தேவையில்லை, ஒரே கட்டளையில் பல பெயர்களைக் கொடுக்கலாம். போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸுக்கான பிளகின் இணைத்த டேட்டாபேஸ் யூஆர்எல்லை மட்டும் இப்படி அழிக்காதீர்கள். அதற்கு 'அன்லிங்க்' என்ற தனிக் கட்டளை உண்டு.

கூலிஃபை கண்ணுக்கு அழகு. பட்டியல், அழிக்கும் பொத்தான், உறுதி கேட்கும் பெட்டி எல்லாம் இருக்கும். பிரச்சினை என்னவென்றால், அழித்தது மறு டெப்ளாயில்தான் நடைமுறைக்கு வரும். நீங்கள் அழித்துவிட்டுப் போக, சக ஊழியர் நாலு நாள் கழித்துச் சின்னத் திருத்தம் ஒன்றை ஏற்ற, ஆப் விழும். பழி அவருடைய திருத்தத்தின் மேல்! முந்தைய இமேஜுக்கு (கன்டெய்னரை உருவாக்கும் அச்சுக்கு) ரோல்பேக் செய்து திரும்பினாலும் தீராது, ஏனெனில் இமேஜ்தான் பழையதாகும், வேரியபிள் பட்டியல் இப்போதையதுதான். டெவலப்பர் வியூ என்ற திரையில் வேரியபிள்கள் எல்லாம் ஒரே உரைப்பெட்டியில் இருப்பதால் அங்கே ஒரு வரி நழுவினால் அதுவும் அழிப்புதான். 'லாக்' செய்த மதிப்பைத் திரையில் மறுபடி பார்க்கவே முடியாது. வேறெங்காவது பிரதி இல்லாமல் அதைத் தொடாதீர்கள். நிறைய பேர் டெர்மினல் பக்கமே வராத குழுவுக்கு இன்னும் கூலிஃபைதான் பொருத்தம். ஆனால் அழித்தவரே அப்போதே டெப்ளாயும் செய்ய வேண்டும் என்று ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்ளுங்கள்.

கம்போஸில் கண்ணி வேறு மாதிரி. வேரியபிள்களை வைக்கும் என்வ் கோப்பில் வரியை நீக்கிவிட்டு 'டாக்கர் கம்போஸ் ரீஸ்டார்ட்' கொடுத்தால் எதுவுமே மாறாது. அதே கன்டெய்னர், அதே பழைய மதிப்பு. சர்வரையே ரீபூட் செய்தாலும் அப்படித்தான். 'அப்' கட்டளை கன்டெய்னரைப் புதிதாக உருவாக்கும்போதுதான் மாற்றம் ஏறும். மாதக்கணக்கில் கழித்து இமேஜை அப்டேட் செய்யும் நாளில் வெடிப்பதற்கு இது போதும்.

இன்னொன்று: என்வ் கோப்பில் அழித்து, கம்போஸ் கோப்பில் டாலர் குறியோடு அதே பெயரை விட்டுவைத்தால், வேரியபிள் காணாமல் போகாது, வெற்றுச் சரமாக உள்ளே போகும். ஓர் எச்சரிக்கை வரி வரும், அவ்வளவுதான். பைத்தானில் 'இல்லையென்றால் 8000' என்று போர்ட்டுக்கு மாற்று மதிப்பு எழுதியிருப்பீர்கள். வெற்றுச் சரம் 'இருக்கிறது' என்று கணக்காவதால் 8000 வராது. அதை எண்ணாக மாற்றும் வரியில் ஆப் விழும். பெயருக்குப் பின்னால் முக்காற்புள்ளியும் கேள்விக்குறியும் சேர்த்தால், மதிப்பு இல்லாதபோது கம்போஸ் நகரவே மறுக்கும். 'டாக்கர் கம்போஸ் கான்ஃபிக்' கொடுத்தால் இறுதி வடிவத்தை முன்கூட்டியே பார்க்கலாம் என்பது கம்போஸின் நல்ல குணம். ரகசியங்களும் திரையில் கொட்டும், ஸ்கிரீன் ஷேரில் இருக்கும்போது வேண்டாம்.

திரும்பப் பெறும் வசதி மட்டுமே முக்கியம் என்றால் மூன்றையும் விட, கன்டெய்னர்களை 'சர்வீஸ்' என்ற பெயரில் நிர்வகிக்கும் டாக்கர் ஸ்வார்ம் மேல்: சர்வீஸின் முந்தைய அமைப்பை, வேரியபிள்களோடு சேர்த்து, அதுவே வைத்திருக்கும். ஒரே ஒரு படி பின்னால்தான் போகலாம்.

ஒரே சர்வர், ஒன்றிரண்டு பேர் என்றால் என் தேர்வு டொக்கு. எதை எடுத்தாலும் இரண்டு இடங்களில் மூன்றும் ஒன்றுபோலக் கைவிரிக்கும். இமேஜை உருவாக்கும் டாக்கர்ஃபைலிலேயே எழுதிய மதிப்பு, நீங்கள் அழித்ததும் மறுபடி தலைகாட்டும். வெப் ஆப்பைத் தயாரிக்கும் வீட் போன்ற கருவிகள் பில்டின்போது ஜாவாஸ்கிரிப்டுக்குள் பதித்துவிட்ட மதிப்பு, மறுபடி பில்ட் செய்யும்வரை பிரவுசருக்குப் போய்க்கொண்டேயிருக்கும்.

அழிப்பது ஏபிஐ சாவி (வெளிச் சேவை ஒன்றைப் பயன்படுத்தத் தரப்படும் ரகசியக் குறி) என்றால், அதை வழங்கிய சேவையிலும் ரத்து செய்தாக வேண்டும். சாவி கசிந்திருந்தால் ரத்துதான் முதலில், ஆப் விழுந்தாலும் பரவாயில்லை. கசியவில்லை என்றால் அதைப் படிக்கும் புரோகிராம் வரிகளை நீக்கி டெப்ளாய் செய்துவிட்டு, வேரியபிளை அழித்து, ரத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.